எள்ளு போட்ட எறா

ரம்யாவுக்குச் சமையலில் கை கூடி வந்ததே இல்லை. எலவனாசூர்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக்கே தெரிந்த சங்கதி அது. அப்பா ஆதிமூலத்துக்குக் கரும்பும் நெல்லுமாக நாலு ஏக்கர். அம்மா கழனிக்குப் போகிற நாட்களில் ரம்யா உலை வைத்தால் ஒன்று சோறு குழையும், இல்லாவிட்டால் வேகாது. "படிக்கற பொண்ணு, வுடு" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார் ஆதிமூலம். சொன்னபடி அவள் படித்தாள். பி.காம். முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள்.

அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, வேளச்சேரியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் எழில்மதி. தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமம். ரம்யா ஃபோனில் "இன்னாம்மா, சாப்டியா?" என்று கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, "நீ நம்ம பக்கமா?" என்று எழில்மதி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான். எழில்மதியின் அம்மா செவ்வந்தி கூலிக்கு நாற்று நடுகிறவள். வீடு காலனியில். இதையெல்லாம் எழில்மதி முதல் வாரமே, வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லி முடித்துவிட்டாள்.

"அதனால இன்னா?" என்றாள் ரம்யா.

மனசாரத்தான் சொன்னாள். அந்த ஊரில் அப்படிச் சொல்ல ஒரு செலவும் இல்லை.

கம்பெனியில் அவர்களுக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா பல வருஷம் அமெரிக்காவில் குடியிருந்தவர். ஒருநாள் எல்லோருக்குமாக ஒரு பாத்திரம் நிறைய எறா செய்து எடுத்துவந்தார். மாவில் புரட்டிப் பொரித்து, இனிப்பும் புளிப்புமாக ஒரு சாற்றில் பிரட்டி, மேலே எள்ளைத் தூவியிருந்தது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன சீனாக்காரர்கள் அந்த ஊர் நாக்குக்குத் தோதாகச் செய்த பண்டமாம். எழில்மதிக்கு அது நாக்கிலேயே தங்கிவிட்டது. வீடியோ பார்த்து, இரண்டு முறை கெடுத்து, மூன்றாம் முறை அறையின் மின்சார அடுப்பில் அச்சு அசலாகச் செய்துவிட்டாள். ரம்யா பூண்டு உரித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். இருவரும் வாணலியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள். ரம்யா அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். யார் செய்தது என்று எழுதவில்லை.

அந்தப் படம்தான் வினையாக வந்தது. கள்ளக்குறிச்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த சிவசங்கரோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். "இது நீ செஞ்சதா?" என்றான். ரம்யா சிரித்தாள். அவன் அந்தச் சிரிப்பை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டான். பிறகு மறுக்கிற நேரம் வரவே இல்லை.

கல்யாணமான வருஷமே கொரோனா வந்து, கம்பெனி ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. எழில்மதி காலனி வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ரம்யா மாமியார் ராணியம்மாள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த வருஷக் கடைசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. ரம்யாவின் சாதிக்காரர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக வேன் கட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தார்கள். சிவசங்கரும் கடையை அடைத்துவிட்டுப் போவான். ஒருநாள் காலை கிளம்பும்போது, "மத்தியானம் போராட்டத்துக்குக் கூட வர்ற சின்னராசு அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் சாப்பிட வராங்க. உன் சைனா எறா பத்தி அவ்ளோ சொல்லி வெச்சிருக்கேன். எறாவுக்குச் சொல்லிட்டேன், கடலூர்லேர்ந்து வந்துரும்" என்றான்.

அவன் கிளம்பியதும் ரம்யா மாடிக்கு ஓடினாள். எழில்மதிக்கு ஃபோன் போட்டாள்.

"ஃபோன்ல சொன்னா வராதுடி. மாவு கைக்குத்தான் தெரியும்" என்றாள் எழில்மதி. "இன்னிக்கு எனக்கு லீவு. பஸ் புடிச்சி வரேன் இரு."

வந்தாள். நல்ல சுடிதார், தோளில் கைப்பை. பைக்குள் சோயா சாஸ், வினிகர், தானே வறுத்துக் கொண்டுவந்த வெள்ளை எள்ளு. உரிக்கும்போது கவுச்சி நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ராணியம்மாள் எறாவைப் பின்கட்டில் வைக்கச் சொல்லியிருந்தாள். எழில்மதி துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் குந்தி, ஓடு உரித்து முதுகைக் கீறிக் குடலை எடுக்க ஆரம்பித்தாள். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தார்கள். ரம்யா அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ராணியம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"யாரும்மா இது? எந்த ஊரு?"

எழில்மதி நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான் என்று ரம்யாவுக்குத் தெரியும். அவள் முந்திக்கொண்டாள்.

"எறா உரிக்க ஆள் கூப்ட்டேன் அத்தை."

எழில்மதி திறந்த வாயை மூடிக்கொண்டாள். ரம்யாவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து அடுத்த எறாவை எடுத்தாள். ராணியம்மாள், "எறா ஓடெல்லாம் கவர்ல கட்டிப் போடச் சொல்லு, பூன இழுத்துக்கினு வந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆள் என்று சொன்ன பிறகு அவளை அடுப்படிக்குள் எப்படிக் கூப்பிடுவது? ரம்யா உள்ளே நின்று சமைத்தாள். எழில்மதி பின்வாசல் படிக்கு வெளியே நின்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தாள். தண்ணி இல்லாம தொடச்சிக்க. முட்டை வெள்ளைக்கருவுல பொரட்டி அப்பறம் கார்ன் மாவு. எண்ணெ நல்லா காயட்டும், அவசரப்படாத. சர்க்கரை கரைஞ்சி பளபளன்னு வரும் பாரு, அப்பப் போடு. ஒரு வார்த்தை கோபமாக இல்லை. "போடி" என்று திட்டியிருந்தால்கூட ரம்யாவுக்கு மூச்சு வந்திருக்கும். 'டி' போட்டுப் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தாள் எழில்மதி.

ஆண்கள் வந்து இலையில் உட்கார்ந்தார்கள். "கறி மேல எள்ளா? எள்ளு வேற காரியத்துக்கில்ல எறைப்பாங்க" என்று முணுமுணுத்த ராணியம்மாளே, ருசி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். சிவசங்கர் பெருமையில் பொங்கினான். சின்னராசு ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர். போராட்டத்துக்கு ஏன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா ஒரு சர்டிபிகேட்டுக்குப் போயி ஆபீசு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரும்மா. உள்ள வான்னு ஒருத்தன் கூப்பிடல. காலி நாற்காலி கெடந்துச்சி. நான் சின்னப் பையன், பக்கத்துல நின்னுக்கினு பார்த்தேன். அது இன்னும் என் நெஞ்சுல கெடக்குது."

பொய்யில்லாத வலி அது. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அவருக்கு எறா வைத்துக்கொண்டிருந்த ரம்யாவின் கை அப்படியே நின்றது. பத்தடி தள்ளிப் பின்வாசலில் எழில்மதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இது கேட்டிருக்கும்.

சாப்பாடு முடிந்து ரம்யா பின்கட்டுக்கு ஓடியபோது ராணியம்மாள் அங்கே இருந்தாள். மீந்த எறாவை ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, வூட்டுக்கு எடுத்துக்கினு போ. டப்பாவ நீயே வெச்சிக்க, திருப்பித் தர வேணாம்."

"பரவாயில்லைங்க. எனக்கு வேணாம்" என்றாள் எழில்மதி. குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக நடந்தாள். ரம்யா சந்து முனை பஸ் நிறுத்தத்தில்தான் அவளைப் பிடித்தாள்.

"எழிலு, அவங்க கேள்வி கேட்டாங்கன்னா உனக்குத்தான் கஷ்டமாப் போயிருக்கும், அதான்..."

"கேட்டா நான் சொல்லியிருப்பேன்" என்றாள் எழில்மதி. "எம்பேரு எழில்மதி, ரம்யாவோட ஃபிரெண்டு, வூடு காலனியிலன்னு. சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கினுதான் இருக்கேன். அப்பறம் அவங்க மூஞ்சி எப்படிப் போவுதோ அது அவங்க பாடு. நீ ஏன் என்னைச் சொல்ல வுடல?"

பஸ் வந்தது. எழில்மதி ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ரம்யா சிவசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எறா அவள் செய்ததில்லை, வந்தவள் ஆளில்லை, யார், எந்த இடம். அவன் திடுக்கிட்டான். பிறகு, "நல்லவேளை, அந்த நேரத்துல சொல்லாம இருந்த" என்றான். அவன் கெட்டவனில்லை. ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஆறுதல் ரம்யாவின் மேல் சேற்றைப் போல அப்பிக்கொண்டது. தான் செய்ததற்கு நன்றி சொல்ல ஒரு ஆள் இருக்கிறானே என்று கூசிப்போனாள்.

அடுத்து மாமியாரிடம் சொல்ல அவளுக்குத் தை பிறக்கவேண்டியிருந்தது. ராணியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கூலி ஆளு தோள்ல கைப்பை மாட்டிக்கினு வருவாளா? எனக்கு அப்பவே தெரியும். நீ ஆளுன்ன, எனக்கும் சௌரியமா இருந்துச்சி. கேக்காம போயிட்டேன்."

"அவ யாருன்னு நான் சொல்லியிருந்தா இன்னா அத்தை பண்ணியிருப்பீங்க?"

ராணியம்மாள் புடைப்பதை நிறுத்தினாள். "தெரியலம்மா" என்றாள்.

ஃபோனை எழில்மதி எடுக்கவில்லை. மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்யா பஸ் ஏறினாள். காலனியில் வழி கேட்டபோது, ஊர்த்தெருப் பெண் இங்கே எதற்கு என்பதுபோல இரண்டு பேர் பார்த்தார்கள். செவ்வந்தி வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் ரம்யாவா? வாம்மா, உள்ள வா. எம்பொண்ணு வாயத் தொறந்தா உம்பேச்சுதான். மெட்ராசுல நீ இல்லன்னா அழுதுக்கினே ஓடியாந்திருப்பேன்னு சொல்லும்."

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எழில்மதி தன் தாயிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று ரம்யாவுக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் தானே சொன்னாள். செவ்வந்தியின் முகம் மெல்ல வாடியது. எழுந்து உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்தாள். டம்ளரை வைத்தவள் பழையபடி கையைப் பிடிக்கவில்லை.

"குடிம்மா. அவ ரேஷன் கடைக்குப் போயிருக்கா, வந்துருவா."

எழில்மதி வந்தாள். ரம்யாவைப் பார்த்து அதிர்ச்சியும் காட்டவில்லை, சந்தோஷமும் காட்டவில்லை. "எப்ப வந்த?" என்றாள். மன்னிச்சிடு என்று ரம்யா சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள். வேலை, புதுச் சூப்பர்வைசர், தன் தம்பியின் படிப்பு என்று கொஞ்சம் பேசினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்தாள்.

இப்போதும் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எழில்மதி மரியாதையாக நலம் விசாரிக்கிறாள். போன வருஷம் "அவசியம் வரணும்" என்று தன் கல்யாணப் பத்திரிகையையும் அனுப்பினாள். ரம்யா போனாள், ராணியம்மாளையும் கூட்டிக்கொண்டு. பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். ராணியம்மாள் சோற்றைக் கொஞ்சநேரம் அளைந்துகொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டாள். மேடையில் எழில்மதி ரம்யாவை மாப்பிள்ளைக்கு அறிமுகம் செய்தாள்.

"இவங்க ரம்யா. எங்கூட வேலை பார்த்தவங்க."

ரம்யா தலையாட்டி, வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினாள்.