மாப்பிள்ளை கொளுத்திய புஸ்வாணம்

என் தங்கையின் தலைதீபாவளி காரைக்காலில் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அப்பா அம்மா இல்லாததால் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் எனக்கும் என் கணவருக்கும் வந்து சேர்ந்தது. துணி எடுத்தோம், மோதிரம் போட்டோம், மூன்று வகை இனிப்பு செய்தோம். இதோடு ஒரு வழக்கமும் உண்டு: அந்த ஒரு நாள் மாப்பிள்ளை சொல்வதை யாரும் மறுக்கக் கூடாது. இதை உண்டாக்கியவருக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்காது.

மாப்பிள்ளை விழிதியூர்க்காரர். வயல் இருக்கிறது, வங்கியில் வேலை இருக்கிறது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இருக்கிறது. இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வெடி வாங்கி, நான்கு நாளாகக் காரின் டிக்கியிலேயே வைத்திருந்தார். ஐப்பசி மழை. அத்தனையும் நமுத்துப் போயிருந்தது. தீபாவளியன்று மதியம் நான் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முறம் நிறையப் புஸ்வாணத்தோடு அடுக்களைக்குள் வந்தார்.

"அக்கா, அடுப்பு மேடையில கொஞ்ச நேரம் வச்சிடுங்க. சூட்டுல காஞ்சிரும்."

"எண்ணெய்ச் சட்டி இருக்குங்க மாப்பிள்ளை."

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் காய வைப்பாங்க. நீங்க டவுன்லயே இருந்து பயந்தாங்கொள்ளி ஆயிட்டீங்க."

பின்னால் நின்ற என் கணவர் சிரித்தார். இது சிரிக்கிற விஷயம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

அடுப்பு கிடைக்கவில்லை என்றதும் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. காரை நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் ஓடவிட்டார். சூடேறிய பானட்டின் மேல் செய்தித்தாள் விரித்து, புஸ்வாணங்களை வரிசையாக அடுக்கினார். வங்கியில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருக்கிற மூளை அது. தங்கை அதைப் படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்பினாள்.

நான் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பதினொரு வயது மகளுக்குப் பட்டுப்பாவாடையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சுடிதார் போட்டுவிட்டேன். மாலையில் எட்டிப் பார்த்தால் வாளியைக் காணோம்.

"வாளி எங்கங்க?"

"கொல்லையில வச்சிட்டேன்" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. "சகலை பாத்தா என்ன நெனைப்பாரு? அவருக்கு வெடி கொளுத்தத் தெரியாதுன்னு நாம சொல்ற மாதிரி இருக்கும்."

நான் போய் எடுத்து வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் காபி கலக்கப் போனேன். என்னையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்க வேண்டும்.

காபித் தட்டோடு வெளியே வந்தபோது ஒரு புஸ்வாணம் லேசாகப் புகைந்து அணைந்திருந்தது. எரியாத வெடிக்குப் பக்கத்தில் போகாதே, தள்ளி நின்று தண்ணீர் ஊற்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறார்கள். மாப்பிள்ளை புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தினார். நகத்தால் மேல் காகிதத்தைப் பிய்த்தார். ஊதுபத்தியை உள்ளே விட்டுக் குத்தினார்.

"பாப்பா, கிட்ட வந்து வீடியோ எடு. சித்தப்பா எப்படிக் கொளுத்துறேன்னு பாரு."

"வேணாங்க, விட்டுருங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"அது செத்துப்போச்சுக்கா."

சாகவில்லை. ஒரு சீறல், பிறகு பக்கவாட்டில் வெடித்தது. மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். வலது கண்ணை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அழவில்லை.

கணவர் வாளியைத் தேடிக் கொல்லைக்கு ஓடினார். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தபடியே யோசனை சொன்னார்: "பேஸ்ட் எடுத்துட்டு வாங்க! பேஸ்ட் தடவுனா கொப்புளம் போடாது!" தங்கை உடனே ஓடிப்போய் எடுத்தும் வந்தாள்.

"கிட்ட வராதடி!" என்று கத்தினேன். குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து பாப்பாவின் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "தேய்க்காதம்மா, கண்ணத் தேய்க்காத."

காரை எடுக்கச் சொன்னோம். பானட்டில் மீதிப் புஸ்வாணங்கள் இருந்தன. மாப்பிள்ளை அவற்றை உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். நாங்கள் ஆட்டோவில் போனோம்.

இமை வீங்கி மூடிக்கொண்டதால் ஆஸ்பத்திரியில் கண்ணைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. "தண்ணி ஊத்துனது நல்லது. வீக்கம் வடியட்டும். அப்பதான் பார்வை பத்திச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். மூன்று நாள்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை ஆப்பிளோடு வந்தார். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்கக்கா. பாப்பா கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்."

"கிட்ட வான்னு கூப்பிட்டது யாரு?"

"அது ஒரு சந்தோஷத்துல சொன்னது."

"நீங்க வீட்டுக்குப் போங்க."

தங்கை அழுதாள். தலைதீபாவளிக்கு வந்தவரை இப்படியா பேசுவது என்றாள். என் மகள் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்காக அழ என் தங்கைக்கு நேரம் கிடைக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் அவள் இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல்களைக் காட்டினார்.

"எத்தனை?"

இமை பாதிதான் திறந்தது. ஓரத்தில் கருகிய தோல் உரிந்திருந்தது.

"ரெண்டு" என்றாள் பாப்பா. பிறகு, "இல்ல, மூணு."

"மூணுதான். கொஞ்ச நாள் மங்கலாத்தான் தெரியும், மருந்து விடுங்க, சரியாயிரும்."

கணவர் அப்போதே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துவிட்டார். "சகலைக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். பாவம், மனசு ஒடஞ்சு போயிருக்காரு."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொரு தடவை காட்டுங்க டாக்டர்" என்றேன்.

அவர் அலுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நாலு" என்றாள் பாப்பா.