தாஸிம் ஊற்றின் அடியில் கண்டது

இரத்தினபுரியில் கல் தரகர் தாஸிமைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருடைய முகத்தைத்தான் சொல்வார்கள். கல் வியாபாரத்தில் இருக்கும் எவரும் நல்ல கல்லைக் கண்டதும் முகத்தில் காட்டிக்கொள்வதில்லை. கண் சற்று விரிந்தாலே விற்பவன் விலையை ஏற்றிவிடுவான். தாஸிம் அந்த வித்தையில் எல்லோரையும் மிஞ்சியவர். நல்ல கல் கையில் பட்டால் அவர் முகம் பூட்டிய கடைக் கதவு மாதிரி ஆகிவிடும். அவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கு நெஞ்சு படபடக்கும்.

தகப்பன் கலவானைப் பக்கம் தலையில் துணிமூட்டை சுமந்து விற்றவர். தாஸிமுக்கு அந்த அலைச்சல் பிடிக்கவில்லை. கல்லுக்குப் பட்டை தீட்டும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய மகள் றுகையாவையே நிக்காஹ் செய்துகொண்டார். பட்டறைத் தூசியிலேயே வளர்ந்தவள் றுகையா. அவளுக்கும் கல் தெரியும் என்பதை வெளியில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஐம்பது கடந்தபின் தாஸிமின் இரண்டு கண்களிலும் பூ விழத் தொடங்கியது. முதலில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. பிறகு எல்லாவற்றின்மீதும் அடுப்புப் புகை படிந்த மாதிரி ஆனது. ஆளைத் தெரியும், வழி தெரியும், கல் மட்டும் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. "விடிய வெளிச்சத்தில பாத்துச் சொல்றேன்" என்று கல் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். நம்பிக்கையின்பேரில் ஓர் இரவு கல்லை விட்டுவைப்பது கல் வியாபாரிகள் கூடும் அந்தத் தெருவின் வழக்கம். காலையில் றுகையா சமைக்கும் குசினியின் கதவைத் திறந்து, வடக்கு வானத்துக்கு எதிரே கல்லைப் பிடித்துப் பார்ப்பாள். அவள் சொன்னதை அவர் தெருவில் போய்த் தம்முடைய சொல்லாகச் சொல்வார்.

இது வெளிப்பட்டால் மறுநாளே அவர் கையில் ஒருவரும் கல்லைக் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பயம் அவரை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. தெருமுனையில் யாராவது பொட்டலத்தை அவிழ்த்தால் போதும், வெற்றிலை வாங்கவென்று நகர்ந்துவிடுவார். பள்ளிவாசலில்கூடத் தொழுது முடிந்ததும் முதலில் செருப்பைத் தேடுகிறவர் அவர்தான்.

1932ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவரை ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் அஸீஸ், கல் வாங்கி விற்பவர். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு அரிசியும் கருவாடும் அனுப்பும் கடையும் அவருக்கு இருந்தது. அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் அவரைக் கண்ணாடிப் படகு பார்க்க வரச் சொல்லியிருந்தார்.

"எனக்கு முதுகு நோவு, நீங்க போங்க" என்றார் தாஸிம்.

"நேத்து பெருநாள் தொழுகையில குனிஞ்சி எழும்பக்குள்ள முதுகு நோவு எங்க போன? வாங்க நானா. தொர லீவுல ஈக்கிற. இப்ப உட்டா இனிக் கெடைக்காது." அஸீஸ் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

மேலும் மறுத்தால் காரணம் கேட்பார். தாஸிம் தொப்பியை எடுத்துக்கொண்டு சின்ன ரயிலில் ஏறினார். கஹவத்தை போய்ச் சேரும்வரை ஒரே ஆசனத்தில் உட்காரவில்லை. வெயில் என்று இந்தப் பக்கம் வந்தார், கரி பறக்கிறது என்று அந்தப் பக்கம் போனார்.

அந்தத் தோட்டத்தின் அடிவாரத்தில் ஒரு பெரிய ஊற்று இருந்தது. தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு கீழிருந்து பொங்கி, தாமரைக்குளம் அளவுக்குப் பரந்து நின்றது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைச் சுற்றி வேலி அடைத்து, குரோட்டன் செடி நட்டு, உட்கார வாங்குகள் போட்டிருந்தார். சீமைக்குப் போன இடத்தில் எங்கோ கண்ணாடி பதித்த படகொன்றைக் கண்டாராம். திரும்பி வந்ததும் தோட்டத்துத் தச்சனைக் கூப்பிட்டு, தட்டைப் படகொன்றின் நடுப்பலகையை அறுத்தெடுத்து, தடித்த கண்ணாடியைக் கீல் பூசிப் பதிக்கச் செய்தார். குனிந்தால் குளத்தின் அடி தெரியும்.

பெரிய கிளாக்கர் தம்பிராஜா யாழ்ப்பாணத்தவர். கோட்டும் வேட்டியுமாகக் கரையில் நின்றார்.

"வாங்கோ முதலாளிமார். செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. கண்ணாடியில காலை வைச்சுடாதேங்கோ, அது உடைஞ்சால் என்ர சம்பளமும் உடைஞ்சிடும்."

படகை ஓட்டியவன் சடையன் என்ற தோட்டத் தொழிலாளி. கம்பை ஊன்றித் தள்ளினான். படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. மூவரும் கண்ணாடியைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"அல்லாவே, மீனப் பாருங்க! தலைக்கு மேல பறக்கிற குருவியப் போல" என்று அஸீஸ் கத்தினார்.

"ம்" என்றார் தாஸிம். அவருக்குத் தெரிந்தது பச்சைப் புகை.

"இனித்தான் விசேஷம். ஊற்றுக்கண் வருகுது. மணல் கொதிக்கிறதைப் பாருங்கோ" என்றார் தம்பிராஜா.

பச்சைக்குள் ஒரு வெள்ளை மங்கல் வந்தது. தாஸிம் அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தேடினார். பெரிது என்பதா, அழகு என்பதா? தவறாக ஒன்றைச் சொல்லி அகப்பட்டுக்கொள்வோமோ என்று பயந்தார். படகில் எழுந்து நடக்க இடமில்லை, வெற்றிலைக் கடையும் இல்லை. தமக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். முகத்தைப் பூட்டிக்கொண்டார். அதுவும் போதாதென்று ஒரு கொட்டாவி விட்டார்.

அஸீஸ் மீனை மறந்துவிட்டார். அவர் தாஸிமின் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"சடையா, கம்ப ஊணு. அப்படியே நில்லு." பிறகு தணிந்த குரலில், "எந்தப் பக்கம் நானா?"

"எது?"

"நம்ம ரெண்டு பேருக்குள்ள ஒளிப்பு என்னத்துக்கு? ஊத்துல அடிச்சி வந்த கல்லு தானே? பாதிப் பாதி."

"கல்லா? நான் ஒண்டும் காணல்லயே."

அஸீஸ் சிரித்தார். இத்தனை வருடத்தில் நல்ல கல்லைக் கண்ட எந்தத் தரகர் கண்டேன் என்று சொல்லியிருக்கிறார்? சிரித்தபடியே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். களுகங்கையில் நீந்தி வளர்ந்தவர், மூச்சடக்கத் தெரிந்தவர்.

"ஐயோ முதலாளி, இதுக்குள்ள ஒருத்தரும் இறங்கக்கூடாதெண்டு துரை சொல்லியிருக்கிறார்" என்று தம்பிராஜா பதறினார்.

"எறங்காதீங்க மொதலாளி" என்றான் சடையனும். "அது கொதிக்கிற மணலு. கால வச்சா இடுப்பு வரைக்கும் புடிச்சுக்கும். போன மாசி எருமக் கன்னு ஒண்ணு விழுந்துச்சுங்க. நாங்க கயித்தப் போட்டு இழுத்தோம், கயிறுதான் வந்துச்சு."

"நான் எருமக் கண்டா? சும்மா ஈ" என்று அஸீஸ் அவன் வாயை அடக்கினார்.

அஸீஸ் பனியனோடு விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். படகு சாய்ந்தது. தாஸிம் பலகையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் மணலுக்குள் போய்விட்டால், அவரை அங்கே அனுப்பியது தம்முடைய கொட்டாவிதான். வாயைத் திறந்தால் தொழில் போகும்.

"அஸீஸ், ஏறுங்க. எனக்குக் கண் தெரியாது."

"ஆங்?"

"பூ விழுந்து ரெண்டு வருசம். மீனும் தெரியல்ல, மணலும் தெரியல்ல. வல்லாஹி, ஒண்டும் தெரியல்ல."

"போன மாசம் அந்த நீலத்துல தலைமயிர் போல வெடிப்பு ஈக்கிதெண்டு சொன்ன யார்? ஒங்கட மூத்தாப்பாவா? ஒரு கல்லுக்குச் சத்தியம் வேற பண்றீங்க. அப்ப பெரிய கல்லுதான்." அடுத்த காலையும் தூக்கினார்.

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார் என்று தாஸிமுக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை நாள் பயந்தது அதற்கு நேர்மாறாக அல்லவா? எட்டி அஸீஸின் தோளைப் பிடித்தார்.

"மடியில கல்லு வச்சீக்கிறீங்களா? எடுங்க. இப்ப, இந்த வெளிச்சத்தில, நான் பாத்துப் பேர் சொல்றேன்."

அஸீஸின் கால் அந்தரத்தில் நின்றது. அந்தத் தெருவில் விலையில் பொய் சொல்லலாம், ஊரில் இல்லை என்று பொய் சொல்லலாம். ஆனால் கையில் வாங்கிய கல்லின் பெயரை எந்தத் தரகரும் மாற்றிச் சொல்வதில்லை. விளையாட்டுக்கும் சொல்வதில்லை. அது தன் பெயரைத் தானே அழிப்பது.

அஸீஸ் மடிப்பையை அவிழ்த்து ஒரு கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தார். தாஸிம் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். வெளிச்சத்துக்குத் திருப்பினார், மறுபடி திருப்பினார். இந்த ஒரு தடவையாவது தெரிந்துவிடாதா என்ற ஆசை அப்போதும் இருந்தது. புகைக்குள் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது.

"நீலம்" என்றார். "வெளிறின நீலம்."

தம்பிராஜா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "உது மஞ்சளல்லோ?"

அது புஷ்பராகம். பழுத்த எலுமிச்சை நிறம். ஒருவரும் சிரிக்கவில்லை. அஸீஸ் வெளியே போட்ட காலை மெதுவாக உள்ளே எடுத்தார். கல்லை வாங்கித் துணியில் மடித்தார், மடிப்பை அவிழ்த்தார், மறுபடி மடித்தார். சடையன் யாரும் சொல்லாமலே கம்பை எடுத்துப் படகைக் கரைக்குத் திருப்பினான்.

திரும்பும் ரயிலில் அஸீஸ் கேட்டார். "அப்ப அந்த வெடிப்பக் கண்ட யாரு?"

"றுகையா."

"தாத்தாவா?" நானாவின் மனைவியை அஸீஸ் அக்கா முறையில் தாத்தா என்பார். ஒரு ஸ்டேஷன் போனது. "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் நானா."

"அது எனக்குப் பத்தாது. நீங்க சொல்லாம ஈக்கிறீங்களா இல்லையா எண்டு தெனமும் நான் யோசிக்கணும். நாளைக்கு நானே சொல்லிர்றேன்."

சொன்னார். மறுநாள் காலை தெருமுனையில், எல்லோரும் கூடி நின்ற நேரத்தில். சிலர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். அஸீஸ் சிரிக்காமல் நிற்பதைக் கண்டு நிறுத்தினார்கள். அன்று ஒரு பொட்டலமும் அவர் பக்கம் வரவில்லை, அந்த வாரம் முழுவதும் வரவில்லை. வெற்றிலை வாங்கப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவர் ஒரே இடத்தில் நின்றார். கால்தான் நிற்கப் பழகவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸீஸ் வீட்டுக்கு வந்தார். வாசலில் திரையாகத் தொங்கிய சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, "தாத்தா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தாஸிம் பொட்டலத்தை வாங்கி உள்ளே கொடுத்தார்.

"இந்த வெளிச்சத்தில ஏலாது" என்றது றுகையாவின் குரல். "வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. விடிய வந்து கேக்கட்டும். கேக்கிற ஆள் என்கிட்டயே கேக்கட்டும்."

அஸீஸ் சரி என்று போனார். தாஸிம் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். அவளுடைய சொல் இனி அவளுடைய வாயால்தான் தெருவுக்குப் போகும். தவறினால் தவறு அவளுடையது, சரியானால் பெயரும் அவளுடையது. தமக்கு அதில் என்ன வேலை மிச்சம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஒரு எடத்தில கொஞ்சம் இருந்தா என்ன?" என்றாள் றுகையா.

"இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார்.