அத்தை தட்டினால் நிற்கும் தண்ணீர்

உலகத்தில் இதுவரை பிறந்த பொறியாளர்கள், மெக்கானிக்குகள், மந்திரவாதிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் அத்தையின் வலது கையை மட்டும் வைத்தால் போதும், கை இருக்கும் பக்கம் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். சுற்றாத மின்விசிறி அவள் தட்டினால் சுற்றும். ஓடும் தண்ணீர் தட்டினால் நிற்கும். நல்லவேளை, கடற்கரைப் பக்கம் அவள் குடிபோகவில்லை. ஒருநாள் எரிச்சலில் தட்டித் தொலைத்திருந்தால் அலையெல்லாம் அப்படியே கைகட்டி நின்றிருக்கும்.

இந்தக் கைக்கு இரண்டு வேலை. விடியுமுன்பே பேக்கரிக்குப் போய், சூடு ஆறாத ரொட்டிகளை உறையில் போட்டுக் கட்டுவது ஒன்று. வெயில் ஏறும்போது வீடு திரும்பிச் சாப்பிட்டு, மதியம் ஒரு தூக்கம் போடுவாள். மற்றவர்களுக்கு ராத்திரி எப்படியோ அவளுக்கு அந்த மதியம் அப்படி. எழுந்ததும் வீட்டின் முன்னறை பார்லராக மாறிவிடும். இரண்டு நாற்காலி, ஓரம் ரசம் போன ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று பூட்டாத குறையாக அவள் காத்துவரும் வாசனை எண்ணெய்.

"ஒரு வேலை எனக்கு, இன்னொண்ணு இந்தக் கழுதைக்கு" என்பாள். கழுதை என்பது அவளுடைய அண்ணன் மகன். அண்ணனும் அண்ணியும் பிழைப்புக்காகத் தூரதேசம் போனபோது, "இவன எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் மேய்ச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தெருவில் அவனுக்கு வாலு என்று பெயர். பார்லரின் பொம்மைத் தலைக்கு மீசை வரைந்தவன், பவுடர் டப்பாவில் கோதுமை மாவு நிரப்பியவன். இதை எழுதுகிறவனும் அவனேதான். ஆகவே அவனைப் பற்றி இதற்குமேல் பெரிய குற்றச்சாட்டு எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த வீட்டுக் கக்கூஸின் ஃப்ளஷ் டேங்குக்குச் சில மாதங்களாக வாய் ஓயவில்லை. நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வந்தது உள்ளேயிருக்கும் குழாய் வழியாக வழிந்து பீங்கானுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து விடாமல் ஊர்வம்பு பேசுவதுபோல ஒரு சத்தம். மதியம் படுக்கப் போகுமுன் அத்தை அதன் மூடியில் ஒரு தட்டுத் தட்டுவாள். கண் சொருகும் நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். அவள் தூங்கி எழுந்து சற்று நேரத்தில் மறுபடியும் வம்பு ஆரம்பமாகும்.

கீழ்வீட்டு அக்கா படியிலேயே வழிமறிப்பாள். "மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தொட்டி. உங்க வீட்ல அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. ஒரு பிளம்பரக் கூப்பிட்டா என்னவாம்?"

"தட்டினா நிக்குதே அக்கா, அதுக்குப் போயி எதுக்கு பிளம்பர்?" என்று அத்தை கையைக் காட்டுவாள், ஏதோ பட்டயம் காட்டுவதுபோல.

அப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் வந்தார். வாலு படிக்கும் பள்ளியில் அவர் பெயரைச் சொன்னால் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். பெரிய நோய் ஒன்றில் விழுந்து, முடியெல்லாம் கொட்டி, மாதக்கணக்காக வீட்டோடு இருந்தவர். இப்போது முளைத்து வந்த முடி முழுக்க வெள்ளை.

"அடுத்த வாரம் ஸ்கூலுக்குப் போறேன். பசங்க என்னப் பாத்துப் பாவம்னு நெனைக்கக் கூடாதும்மா. பயப்படணும்."

"பயந்துடுவாங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லி, பிறகு காதுக்குப் பின்னால் துளி சாயம் வைத்து இரண்டு நாள் சோதித்தாள். டீச்சர் பள்ளிக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம் அவள் படுக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியின் கிழிசலுக்கு உறை போட்டு, சீப்புகளைப் பல் பல்லாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பள்ளி விடுகிற நேரத்துக்கு டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

சாயம் பூசி முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. டீச்சர் நெளிந்தார். "லேசா எரியுது."

அத்தை ஒரு நொடி தாமதிக்கவில்லை. புதிதாய் முடி முளைத்த தலை, தோல் குழந்தையின் தோல் மாதிரி. அவரைத் தொட்டியில் குனியவைத்துக் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. இரண்டு சொட்டுத் துப்பியது. அதோடு சரி.

மொட்டைமாடித் தொட்டி காலி. மோட்டார் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. குடிதண்ணீர் கேனைச் சாய்த்தால் ஒரு டம்ளர் தேறியது. எதிர்வீட்டில் பூட்டு, கீழ்வீட்டுக் குடங்களும் காலி.

"நல்லாவே எரியுதும்மா" என்றார் டீச்சர். குரல் பழைய கணக்கு வகுப்புக் குரல் இல்லை. அத்தை காலிக் கேனை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தாள். இவ்வளவு பட்டுத் தேறி வந்த தலையை, நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டிய தலையை, நம் கையாலேயே புண்ணாக்கிவிடப் போகிறோமா?

அப்போதுதான் பையைத் தோளில் மாட்டியபடி வாலு உள்ளே நுழைந்தான். டீச்சரைப் பார்த்து அரையடி பின்வாங்கினான். விஷயம் புரிந்ததும் அத்தையின் காதோரம் வந்து, "ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி இருக்கும் அத்தை" என்றான்.

"செருப்பு பிஞ்சிடும்."

"விளையாட்டு இல்ல அத்தை. வழியற அளவுக்கு எப்பவும் ரொம்பித்தான இருக்கு? போய்ப் பாருங்க."

அத்தை ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். விளிம்புவரை தண்ணீர், கண்ணாடி மாதிரி. பீங்கானைத் தொடாத தண்ணீர். வாளியில் மொண்டுகொண்டு வந்தாள். டீச்சர் குனிந்துதான் இருந்தார். கேன் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது அந்தப் பொய். ஆனால் வெளியே வரவில்லை.

"டீச்சர், தண்ணி கெடச்சிருச்சு. எங்கேருந்துன்னு சொன்னா எந்திரிச்சு ஓடிறக் கூடாது."

"எங்கேருந்து?"

"கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க்லேருந்து."

தொட்டிக்குள்ளிருந்து தலை நிமிராமலே அடுத்த கேள்வி வந்தது.

"கீழ பீங்கான்லயா, மேல டேங்க்லயா?"

"மேல டேங்க்ல டீச்சர். குழாய்ல வர்ற அதே தண்ணிதான்."

"அப்ப ரெண்டும் சமம்தான? என்ன பாத்துட்டே நிக்கறே, ஊத்து!"

அத்தை ஊற்றினாள். சாயம் கரைந்து கறுப்பாக ஓடி, பிறகு பழுப்பாகி, கடைசிக் குவளையில் வெறும் தண்ணீராக இறங்கியது. எரிச்சல் அடங்கியது. தோலில் சிவப்புக்கூட இல்லை. துண்டை எடுத்துப் பார்த்தால், முடி கருகருவென்று பிடித்திருந்தது. டீச்சர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அத்தையின் ஈரக்கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தைக்கு அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. "என் தப்பு டீச்சர். தட்டினா நிக்குதுன்னு இத்தன நாள் அலட்சியமா விட்டுட்டேன். இன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன்."

டேங்க் காலியாக இருக்கும்போதே உள்ளே குடைந்தாள். மிதவைப் பந்தின் கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன மூடி. அதைத் திருகிக் கழற்றினால், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வாஷர், நடுவே பள்ளம் விழுந்து கிடந்தது. தண்ணீரின் வாயை அடைக்க வேண்டியது அதுதான். வாலு அதை எடுத்துக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்தான். அத்தை மாட்டி முடிக்கவும் கரண்ட் வந்தது. கீழ்வீட்டு அக்கா மோட்டார் போட்டாள்.

"தண்ணி ஏறுறதுக்குள்ள கீழ இருக்கற வால்வ மூடிட்டு, அப்புறம் மெதுவாத் தொறக்கணுமாம். கடைக்காரர் சொன்னாரு" என்றான் வாலு.

அத்தை குனிந்தாள். டேங்குக்குக் கீழே, சுவரோடு ஒட்டிய சின்ன வால்வு. குடிவந்த நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று இடுக்கி, பழந்துணி சகிதம் தயாராக வந்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு. வால்வு வெண்ணெய்போலச் சுழன்றது. அத்தை பின்பக்கமாகச் சரிந்து சுவரில் மோதி உட்கார்ந்தாள். விரலை மோந்து பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்கு மட்டுமான வாசனை எண்ணெய்.

வாலு கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் வால்வை மெல்லத் திறந்தாள். தண்ணீர் ஏறியது, பந்து மிதந்தது, சத்தம் நின்றது. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. மாதக்கணக்காகத் தினமும் மதியம் அதற்குள்தான் தூங்கியிருக்கிறாள்.

"டேய். நான் படுத்ததும் தெனம் இத மூடுனது நீதானா?"

"எனக்கென்ன வேற வேலை இல்லியா?"

"இன்னிக்கு நான் தூங்கல. நீயும் மூடல. அதான் தொட்டியே காலியாயிருக்கு."

"அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். உங்களுக்காகன்னு ஒண்ணும் இல்ல" என்றான் வாலு, காது சிவக்க.

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு முறை முதுகைத் தட்டிக்கொடுத்த கை, மூன்றாவது முறை ஓங்கிய இடத்திலேயே நின்றது.

"ஆமா, நான் தூங்கறது மத்தியானம். அந்நேரம் நீ ஸ்கூல்லல்ல இருக்கணும்?"

முன்னறையில் டீச்சர் தலை வாரிக்கொண்டிருந்த சீப்பின் சத்தமும் சட்டென்று நின்றது.