பூரணம் கட்டித் தொங்கவிட்ட குளவி

பூரணத்துக்குக் குளவியால்தான் முடிவு என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளவி விஷயத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு கூடு முழுவதும் என்மேல் இறங்கியும் மறுநாள் காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்தவன் நான். ஆனாலும், "மாமா, மலையில குளவி கிளம்பிருச்சு! பூரணம் அக்காவ ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்திட்டாங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னபோது, கையிலிருந்த தேத்தண்ணி என் இடுப்புச் சாரத்தில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருக்க, பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

பூரணத்தை அறிந்தவர்களுக்கு அவளுடைய மூங்கில் கட்டும் தெரிந்திருக்கும். பூசணி பூத்துப் பூத்துப் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்த வருடம், ஒரு பக்கம் கணு அடைத்த குழல்களைக் கட்டி, என் வீட்டை ஒட்டிய தன் வீட்டுப் பின்கூரையடியில் தொங்கவிட்டாள். சின்னத் தேனீக்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குழல் பிடித்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடும். அந்தப் பூச்சுக்காகவே, தண்ணீர் விழும் பின்புறப் பீலிக்கரையில் ஒரு சட்டிச் சேற்றைக் காயாமல் வைத்திருந்தாள். தேன் கிடையாது, பெரிய கூட்டமும் கிடையாது. பூசணி மட்டும் காய்த்தது. ஒரு காயைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மூன்று பேர் பாரம் என்மேல்.

எங்களுக்கோ கொட்டுவதெல்லாம் குளவி. மரத்தில் தொங்கும் பெருந்தேனீயும் குளவி, இதுவும் குளவி. அந்தச் சத்தம் கேட்டாலே பின்கதவைச் சாத்திவிடுவேன், காற்றுக்காகத்தான்.

"ஏந் தங்கச்சி, எமன வீட்டுலயே கட்டித் தொங்கவிட்டிருக்கியே?" என்றேன்.

அவள் குழல் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "இது தனியாளுண்ணே. காவல் காக்கக் கூட்டம் இல்ல, எதுக்குக் கொட்டப்போவுது? கொட்டுறதெல்லாம் குளவின்னா, அண்ணியையும்ல கூரையில கட்டணும்!"

என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

பூரணத்தின் காரியம் முடிந்த மறுநாள், அவள் கணவன் சிவலிங்கம் மண்ணெண்ணெயும் பந்தமுமாகப் பின்பக்கம் வந்தான். குழல்கள் எல்லாம் மண் பூசி அடைத்திருந்தன, உள்ளே குஞ்சுகள்.

"இதுங்கதான் அதுங்களக் கூட்டியாந்துச்சு! ஒண்ண விடமாட்டேன்" என்று கத்தினான்.

லயமே பார்த்துக்கொண்டு நின்றது. பயத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. நெருப்புப் பட்டு உள்ளிருப்பதெல்லாம் கிளம்பினால், முதல் கதவு என்னுடையது. ஆனாலும் அவன் கையைப் பிடித்தேன்.

"மாப்புள, ஆஸ்பத்திரியில அவ எங்கிட்டச் சொன்னா. 'என்னயக் கொட்டுனது மலையில உள்ளதுண்ணே, வீட்டுல இருக்குறத எரிக்க விட்டுறாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

அவன் பந்தத்தைச் சேற்றுச் சட்டியில் அமுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சட்டியை ஈரமாக வைக்கும் வேலை. ஒரு கையால் தண்ணீர் ஊற்றுவேன், மறுகையால் முகத்தை மூடிக்கொள்வேன். மழை விட்டதும் குழல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, புதுத் தேனீக்கள் வெளியே வந்தன. யாரையும் எதுவும் கொட்டவில்லை. சிவலிங்கமே இப்போது புதுக் குழல் வெட்டுகிறான்.

அதனால் இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், பயந்துகொண்டேதான். ஆஸ்பத்திரியில் பூரணத்தின் உதடும் நாக்கும் வீங்கிப்போயிருந்தன. அவளால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. மாப்புள, அதைச் சொன்னது நான்தான்.