முழுகினது எந்த முழுக்கு

கண்டாவளைப் பகுதியில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கும் குடும்பநல மாது நான். போன வீடு, கேட்ட கேள்வி, கிடைத்த பதில் எல்லாவற்றையும் திகதியோடு கொப்பியில் எழுதி வைப்பேன். ஒரு தாயின் வீட்டுக்குரிய பக்கமும் பிழையில்லாமல்தான் இருந்தது.

அவள் சிசேரியனில் பெற்ற மகனுக்கு அப்போது நாலு மாதம். அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும், தையல் தாங்காது என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"முழுகிட்டீங்களோ?" என்று தாயிடம் கேட்டேன்.

"ஓம் மிஸ், முழுகிட்டன்."

மாதவிலக்குத் திரும்பிவிட்டது என்று எழுதிக்கொண்டேன். அன்றே கருத்தடை ஊசிக்கு அனுப்பியிருக்கலாம். நாள் கணக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று, "அடுத்தது வந்த உடனை கிளினிக்குக்கு வாங்கோ, ஊசி போடுவம்" என்றேன்.

மூன்று கிளினிக் நாள் போயிற்று. அவள் வரவில்லை. மாது இல்லாத பக்கத்துப் பகுதியையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே தேடிப் போகவில்லை. ஒருநாள் போனபோது கதிரையில் சாய்ந்து கிடந்தாள். குடித்த தண்ணியும் தங்காமல் காலையிலிருந்து சத்தியாம்.

"ஏன் பிள்ளை கிளினிக்குக்கு வரேல்லை?"

"வந்த உடனை வரச் சொன்னனீங்கள் மிஸ். அது வரேல்லை, நானும் வரேல்லை."

"முழுகிட்டன் எண்டு சொன்னீங்களே?"

குசினி அடுப்படியிலிருந்து அவளின் மாமி பதில் சொன்னா. "முப்பத்தொண்டிலை நான்தானே வேப்பிலை அவிச்சு வார்த்தனான். முழுகாமலோ வீட்டுக்குள்ளை எடுத்தனாங்கள்?"

மாதவிலக்குக்குப் பிறகு தலைக்கு வார்ப்பதும் முழுக்கு. பிள்ளை பெற்று முப்பத்தோராம் நாள் துடக்கென்னும் தீட்டைக் கழிப்பதும் முழுக்கு. நான் ஒன்றைக் கேட்டேன், அவள் மற்றதைச் சொன்னாள். இத்தனை வருடம் இந்தச் சொல்லோடு வீடு வீடாகத் திரிந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

அவளின் சலம் எடுத்துக் கர்ப்பப் பரிசோதனைப் பட்டியில் விட்டேன். இரண்டு கோடு.

"பால் குடுக்கேக்கை பிள்ளை தங்காது எண்டெல்லோ சொல்லுறவை" என்றா மாமி.

"மிஸ், வெட்டின இடம் தாங்குமோ?" என்று அவள் கேட்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன். நாளைக்கே போங்கோ, நானும் வாறன்."

புதிய கர்ப்பிணி அட்டையை எடுத்துப் பெயர், வயது, முந்திய பிரசவம் எல்லாம் நிரப்பினேன். கடைசி மாதவிலக்குத் திகதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. பெற்ற பிறகு மாதவிலக்கே வராததால் எழுத அவளிடமும் திகதி இல்லை, என் கொப்பியிலும் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.