இரண்டு நீல டிக்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறினால் போனில்தான் மெசேஜ் போகும். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டால் படித்தாயிற்று என்று கணக்கு. எங்கள் மேலாளர் ஜப்பான்காரர். அவர் வீட்டில் ஒருவர் போனை இன்னொருவர் தொடமாட்டாராம், மனைவிகூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாராம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அது யார் சட்டைப்பையில் இருக்கும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

எல்லைக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண், மாற்றிய ஷிஃப்டுக்கு இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை தவறினால் வேலை போய்விடும். தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் மாற்றி மாற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவளுக்காக மேலாளரிடம் மல்லுக்கு நின்றேன். அது அவள் கணவனின் எண், அவன் படித்துவிட்டுச் சொல்ல மறந்துவிடுகிறான் என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நீல டிக், கூடவே சரி என்று ஒரு கட்டைவிரல்.

"அப்படியானால் இத்தனை மாதம் நான் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பழைய போனில் புது சிம் போட்டு அவளிடம் கொடுத்தேன். இனி இது அவளுடைய சொந்த எண் என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னேன். பத்து நாள் கழித்து, நாளைக் காலை ஆறு மணி ஷிஃப்ட் என்று மெசேஜ் போனது. டிக் நீலமானது, கட்டைவிரலும் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவள் வழக்கமான மதிய பஸ்ஸில் சாப்பாட்டுப் பையோடு வந்து இறங்கினாள்.

கேட்டிலேயே வைத்துக் கத்தினேன். கணவனின் போன் விழுந்து உடைந்துவிட்டதாம், நான் கொடுத்ததை அவன் எடுத்துக்கொண்டானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"எந்த போன் வந்தாலும் அவருகிட்டதான்க்கா போவும். ஒரு பேப்பர்ல எழுதி பஸ்ஸுல ஒட்டினா நானே பாத்துக்கினு போவேன். எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

நான் கேட்கவில்லை. மூன்று பாஷையிலும் கேட்கவில்லை.

அன்றே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல யோசனை என்றார், எல்லா பஸ்ஸிலும் ஒட்டச் சொன்னார். வேலைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். மூன்று முறை என்றால் மூன்று முறைதானாம்.

இப்போது சனிக்கிழமைதோறும் அடுத்த வார ஷிஃப்டை அந்தப் பேப்பரில் எழுதி ஒட்டுவது நான்தான். அவள் ஊருக்குப் போகிற பஸ்ஸிலும் ஒட்டுகிறேன்.