கிருஷ்ணம்மாவின் நீல மசி

வாலாஜாப்பேட்டையில் துணிக்கு அச்சடிக்கும் வீட்டில் பிறந்த கிருஷ்ணம்மா, கல்யாணமாகி மாரிகுப்பத்துக்கு வந்தவள். அங்கே தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து கணவன் தசரதனின் இடுப்பு ஒடிந்த பிறகு, குடும்பத்துக்கு அவளுடைய அச்சுக்கட்டைகள்தான் கதி. நான் ஆஸ்பத்திரி நர்ஸ். தசரதனின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றத் தினமும் போவேன். குடிசைக்குள் துணி காய்வதால் அவன் கட்டில் வாசல் பந்தலில் கிடந்தது.

துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானையில் புளிக்க வைத்து, புளியங்கொட்டைக் கூழில் கலந்து மசி செய்வாள். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில் அது கறுப்பாகப் பிடிக்கும். அந்தக் கோடையில் குடிநீருக்கே அடிதடி. பொன் பிரிக்கும் மில்லின் கழிவு மணல்மேட்டுக்குக் கீழே கசிந்த நீரை மொண்டு வந்து மசியில் விட்டாள். கறுப்பு வரவில்லை, மயில் கழுத்து நீலம் வந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். அவள் விரலிடுக்கில் புண் கண்டது.

"அது சயனைடு தண்ணி. தங்கத்தையே கரைக்குது, உன் கையை விடுமா?"

"இன்னா நர்ஸம்மா, அதைக் குடிக்கவா போறேன்?"

"தலை சுத்துதுன்னியே."

"அது பசி. கறுப்பை இனிமே எவ வாங்குவா? இவருக்குக் கஞ்சி நீங்க ஊத்துவீங்களா?"

கட்டிலிலிருந்து தசரதன், "அவகிட்ட வாய் குடுக்காதீங்கம்மா. நான் நடந்தப்பவே என் பேச்சைக் கேக்காதவ" என்றான்.

கையைக் கட்டிவிட்டேன். மறுநாள் அந்தக் கட்டும் நீலமாக இருந்தது. கசிவை அடைக்கும்படி மில் மேஸ்திரியிடம் சொன்னேன். "வேலி போட்டிருக்கே" என்றார். ஆடு தாண்டுகிற வேலி.

ஆடிக் காற்றில் ஈரத் துணியில் புழுதி ஒட்டுகிறதென்று ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, புளித்த இரும்பு நீரில் மில் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்திருக்கிறாள். புளிப்புப் பட்டால் சயனைடு விஷக்காற்றாகக் கிளம்பும். நான் போனபோது தசரதன் எழ முடியாமல் கத்திக்கொண்டிருந்தான். அவளை வெளியே இழுத்துப் போட்டேன். கைகளைத் தூக்கி இறக்கினேன், மார்பை அமுக்கினேன். நாடி திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். "அந்த நீலத்துக்கு இன்னா போடுவா?"

எந்தத் தண்ணீர், எதோடு சேர்ந்து அவளைக் கொன்றது என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மணல்மேட்டுக்குக் கீழே இருவரும் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டேன். ஒருத்தி கையசைத்துவிட்டு மறுபடி மொள்ளக் குனிந்தாள்.